கழுத்தில் கட்டி: பெயர் தெரிந்த பிறகே மருந்து

ஜேடர்பாளையம் அணையிலிருந்து வரும் ராஜா வாய்க்கால் தண்ணீரில் வெற்றிலையும் வாழையும் விளையும் காவிரிக் கரை ஊர் பரமத்தி வேலூர். இந்தப் பக்கத்தில் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வலி இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் பூசுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் சொல்லி ஐந்து நாள் மாத்திரை. ஒரு முறை வாங்கியது போதாதென்று இன்னொரு முறை. மருத்துவரிடம் வந்து நிற்கும்போது இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். "வலிக்கவே இல்லீங்க, அதான் விட்டுட்டேனுங்க" என்பார்கள்.

கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆபத்தானவற்றிலும் பலவற்றை, காலத்தோடு கண்டுபிடித்தால் முழுமையாகக் குணப்படுத்தலாம். இந்த இரண்டு வகையையும் தொட்டுப் பார்த்தே பிரித்துவிட முடியாது என்பதுதான் சிக்கல். அதனால் இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றைத்தான்: கட்டியின் பெயர் தெரியாமல் மருந்து தொடங்கக் கூடாது. பெயரைத் தெரிந்துகொள்ளும் வழிகள் எளியவை. அவை நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

இடம், நாள், வயது

அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கேட்பவை மூன்று: கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, வந்தவருக்கு என்ன வயது.

நடுக்கழுத்தில் இருந்து, எச்சில் விழுங்கும்போது மேலேறி இறங்கினால் அது தைராய்டு சுரப்பியைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நாக்கை வெளியே நீட்டும்போதும் மேலே இழுபட்டால், கருவில் தைராய்டு இறங்கி வந்த பாதை மூடாமல் போனதால் உண்டான நீர்க்கட்டியாக இருக்கலாம். தாடைக்கு அடியில் இருந்து, சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கிப் பிறகு வற்றினால் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருக்கலாம். காதுக்கு முன்னும் கீழும் மெல்ல வளரும் கட்டி, கன்ன உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றியதாக இருக்கலாம். காரை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் கட்டி தென்பட்டால், எந்த வயதிலும் அதை இயல்பானதென்று கொள்ளக் கூடாது. இடப் பக்கப் பள்ளத்தில் வரும் நிணநீர்க் கட்டி சில வேளை இரைப்பைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கும். நுரையீரல் நோய்களும் அங்கே தலைகாட்டுவதுண்டு.

வயதும் கணக்கை மாற்றும். குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் பெரும்பகுதி தொற்றின் எதிர்விளைவு. பிறவியிலேயே அமைந்த நீர்க்கட்டிகளும் அந்த வயதில்தான் பெரும்பாலும் தெரியவரும். இளைஞர்களிடம் காசநோயையும் நிணநீர்ப் புற்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாற்பதைக் கடந்து, புகையிலைப் பழக்கமும் உள்ளவருக்கு வலியில்லாத கெட்டியான கட்டி வந்தால், வேறு காரணம் உறுதிப்படும் வரை புற்றுநோயைச் சந்தேகித்தே தேட வேண்டும்.

நாள் கணக்கில் ஒரு தெளிவான எல்லை உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களிடம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கட்டி, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, கெட்டியான கட்டி, அசையாமல் ஒட்டிக்கொண்ட கட்டி, மேல்தோல் புண்ணான கட்டி ஆகியவற்றைக் கூடுதல் ஆபத்து உள்ளவையாகக் கருதச் சொல்கிறது. தொற்றின் அடையாளம் இல்லாதபோது வெறுமனே ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மருந்துக் கடை மாத்திரையில் மாதங்களைக் கழிக்கும் நமக்கு இந்த இரண்டாவது அறிவுரை இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

நெறி கட்டுவது எதனால்?

நம் உடம்பில் நூற்றுக்கணக்கான நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கழுத்தில் மட்டும் ஏறக்குறைய 300 உண்டு. தலை, காது, பல், தொண்டை எங்கே தொற்று வந்தாலும் அந்தப் பகுதிக்கான கணு வீங்கும். இதைத்தான் ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிடரியில் சிறு சிறு நெறிகள் தட்டுப்பட்டால் முதலில் தலைமுடியை விலக்கிப் பார்க்க வேண்டும். பேனும், சொறிந்து சீழ் வைத்த புண்ணும் அங்கே இருக்கும். தாடைக்குக் கீழே வலியோடு நெறி கட்டினால் சொத்தைப் பல்லைத் தேட வேண்டும். பேனை ஒழித்து, பல்லைச் சரிசெய்தால் நெறி தானாக வற்றும். குழந்தைகளிடம் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, உருண்டு நழுவும் நெறிகள் நெடுநாள் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகும் வற்றாமல் வளர்ந்தாலோ, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ ஆராய வேண்டும்.

பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது நெறியல்ல, காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி. கழுத்தில் பொன் சங்கிலி போட்டுவிடும் வழக்கத்தால் கேடொன்றும் இல்லை. வைரஸால் வரும் அந்த நோய் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். இறங்காவிட்டால் அது வேறு நோய்.

ஒரு வகை வீக்கத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. கடைவாய்ப் பல்லின் சீழ் வாயின் அடித்தளத்தில் பரவி, தாடைக்கடி பலகைபோல் கெட்டிப்பட்டு, நாக்கு மேலே தள்ளி, எச்சிலை விழுங்க முடியாமல் போனால் சில மணி நேரத்தில் மூச்சு அடைத்துவிடலாம். அப்போது ஒத்தடமோ பத்தோ போட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

கண்டமாலை: நுரையீரலுக்கு வெளியே காசநோய்

காசநோய் என்றால் இருமலும் சளியும் என்றே மனதில் பதிந்திருக்கிறது. நுரையீரலுக்கு வெளியே அது அதிகம் தாக்கும் இடங்களில் முதன்மையானவை நிணநீர்க் கணுக்கள். அவற்றிலும் கழுத்துக் கணுக்களே மிகுதி. பல கணுக்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி மாலைபோல் தோன்றும். வலி இருக்காது. கவனிக்காமல் விட்டால் உள்ளே சீழ் கட்டி, தோலைத் துளைத்து வடிந்து, ஆறாத புண்ணாகும். மாலை நேரக் காய்ச்சலும் பசியின்மையும் சிலரிடம் இருக்கும், பலரிடம் கட்டியைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இந்த நோயின் சிகிச்சை வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் வெளியான ஆய்வில் காட்டியது. குழந்தைகளின் கழுத்துக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தே போதும் என்று 1990இல் வெளியான ஆய்வும், மதுரையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வும் அதே மையத்தின் பங்களிப்பு. அது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஆக, கண்டமாலை ஆறு மாதத்தில் குணமாகும் நோய். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாகியிருக்கிறது. நுரையீரல் பாதிக்கப்படாமல் கழுத்தில் மட்டும் காசநோய் இருப்பவரிடமிருந்து அது அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணுக்கு வந்துவிட்டதென்று மறைத்து, துப்பட்டாவால் மூடி, மருந்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மறைப்பதால் நிற்கப்போவது தழும்புதான். மருந்து தொடங்கிய பிறகும் சிலருக்குக் கட்டி கொஞ்ச நாள் பெரிதாகும், முடித்த பிறகும் சிறு நெறி மிஞ்சலாம். இவற்றைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று பாதியில் விட்டுவிடக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால், எந்தப் பரிசோதனையும் இல்லாமல் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவது. உள்ளே இருப்பது நிணநீர்ப் புற்றாக இருந்தால் அந்த ஆறு மாதமும் வீண். காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டச் செய்து, சில வாரம் முதல் சில மாதத்தில் தானே அடங்கும் கிக்குச்சி நோய் இளம்பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 1972இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட அந்த நோயும் காசநோய் என்றே பலமுறை தவறாக எண்ணப்படுகிறது.

நம் நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன மாவட்டம். எச்.ஐ.வி. தடுப்பில் தனிக் கவனம் பெற்ற மாவட்டமும்கூட. கழுத்திலும் அக்குளிலும் பல இடங்களில் நெறி நீடிப்பது எச்.ஐ.வி. தொற்றின் அடையாளமாக இருக்கலாம். அந்தத் தொற்று உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவும் ரகசியமாக வைக்கப்படும். யார் மீதும் சந்தேகம் என்பதற்காக இந்தப் பரிசோதனை எடுக்கப்படுவதில்லை. கண்டமாலை உறுதியான ஒவ்வொருவருக்கும் செய்வதுதான் முறை.

வெற்றிலை விளையும் ஊரில் வாயைத் திறந்து பார்ப்போம்

வேலூர், பாண்டமங்கலம், பொத்தனூர் கொடிக்கால்களில் விளையும் வெள்ளைக்கொடியும் கற்பூரியும் இந்த ஊர்களின் வாழ்வாதாரம். ஆகவே இங்கே சொல்வதைச் சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இல் புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாமல் பாக்கோடு போடும் தாம்பூலத்தையும், பாக்கையுமே புற்று உண்டாக்குபவற்றில் சேர்த்தது. குற்றம் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. வெற்றிலை மட்டுமே புற்றை உண்டாக்கும் என்று அந்த அமைப்பு சொல்லவில்லை. குட்கா, பான் மசாலா, கன்னத்தில் அடக்கி வைக்கும் புகையிலை எல்லாமே இந்தக் குற்றப் பட்டியலுக்குள் வரும்.

வாய், நாக்கு, தொண்டையில் தோன்றும் புற்று முதலில் பரவுவது கழுத்துக் கணுக்களுக்கு. வாயில் உள்ள சிறு புண் வலிக்காததால் கவனத்துக்கு வராமல் போகும், கழுத்துக் கட்டிதான் கையில் தட்டுப்படும். எனவே வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி, மதுப் பழக்கம் உள்ள ஒருவர் கழுத்துக் கட்டியோடு வந்தால் மருத்துவரின் முதல் வேலை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம், உள்நாக்குப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்து, கையுறை போட்ட விரலால் தடவியும் பார்க்க வேண்டும். மூன்று வாரமாக ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று விரலை ஒன்றாக நுழைக்க முடியாதபடி வாய் சுருங்குவது, குரல் மாறி மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது ஆகியவை எச்சரிக்கைகள்.

இந்த எளிய பார்வையே உயிரைக் காக்கும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஆதாரம் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் மக்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 2005இல் வெளியான முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்து 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆரம்பநிலை வாய்ப்புற்றில் கழுத்துக் கட்டி தெரியும் வரை காத்திராமல் முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களையும் அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்ததையும், காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதமாக இருந்ததையும் காட்டியது. கழுத்துக்குப் புற்று போய்ச் சேர்வதற்கு முன்பே முந்திக்கொள்வதில் எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

முன்கழுத்துக் கழலை: உப்பும் மரவள்ளியும்

தைராய்டு வீக்கத்துக்கு அயோடின் பற்றாக்குறை பழைய காரணம். 1956இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழலை குறைவதை நிறுவியது. அதன் அடிப்படையில் 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பின்னர் நடந்த கணக்கெடுப்புகள் இது மலைநாட்டு நோய் மட்டுமல்ல, சமவெளியிலும் உண்டு என்று காட்டின. இன்று விற்பனைக்கு வரும் உப்பில் நுகர்வோர் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அயோடின் சேர்க்காத கல் உப்பைச் சமையலுக்கு வாங்குவதும், உப்பை அடுப்போரம் திறந்து வைப்பதும் அந்தப் பயனைக் குறைக்கும்.

சேலம், நாமக்கல் காடுகளில் பரவலாக விளையும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. கிழங்கில் உள்ள சயனைடுப் பொருள் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் அயோடின் குறைவும், மூன்று வேளையும் சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியும் சேர்ந்தபோது கழலை பெருகியது. இங்கே கிழங்கின் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. வீட்டில் வேகவைத்து எப்போதாவது சாப்பிடுகிறோம். அயோடின் உப்புப் பழக்கம் உள்ள வீட்டில் மரவள்ளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இன்று காணும் தைராய்டு வீக்கங்களில் பல அயோடின் குறைவால் வருபவையே அல்ல. உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதும், சிறு முடிச்சுகள் வளர்வதும் பெண்களிடம் மிகுதி. முதலில் வேண்டியவை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும். முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றல்ல. புற்றாக இருந்தாலும் அதிகம் காணப்படும் வகை மெல்ல வளர்வது, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவது.

இங்கே அளவு மீறிய தேடலும் கேடுதான். தென் கொரியாவில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கெல்லாம் கழுத்து ஸ்கேன் எடுக்கத் தொடங்கியபோது, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுக் கணக்கு 15 மடங்கு ஏறியது. அதனால் ஏற்படும் மரணமோ மாறவே இல்லை. கட்டி தெரிந்தவர் கட்டாயம் காட்ட வேண்டும், தெரியாதவர் தேடி அலைய வேண்டாம் என்பதே அதன் பாடம். குரல் கம்முவது, கட்டி வேகமாக வளர்வது, விழுங்கும்போது அடைப்பது, மூச்சு இரைப்பது ஆகியவை இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

நிணநீர்ப் புற்று

1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகை உட்பட, நிணநீர்ப் புற்றுகள் பல நேரம் கழுத்தில்தான் முதலில் தெரியும். ரப்பர் போன்ற, வலியில்லாத கட்டிகள். காரணமில்லாக் காய்ச்சல், துணி நனையும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்குவது ஆகியவை கூட வரலாம். ஹாட்ஜ்கின் வகை மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் புற்று. ஆனால் பெயர் தெரியாத கட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நிணநீர்ப் புற்று தற்காலிகமாகச் சுருங்கி, பரிசோதனையையே குழப்பிவிடும். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் அதுபோலவே காசநோயைப் பாதி அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். பெயருக்கு முன் மருந்து வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

ஊசிப் பரிசோதனைக்கு ஏன் தயக்கம்?

கட்டியின் பெயரைச் சொல்லும் முதல் பரிசோதனை எளியது. ரத்தம் எடுக்கும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்தி, உயிரணுக்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது. நியூயார்க்கில் 1930இல் ஹேஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் இதை விவரித்து எழுதினார்கள். மயக்க மருந்து, தையல், படுக்கை எதுவும் வேண்டாம். சில நிமிட வேலை.

ஊசி குத்தினால் கட்டி கெட்டுப்போகும், புற்றாக மாறிப் பரவிவிடும் என்ற அச்சம் ஊரெங்கும் இருக்கிறது. சாதாரணக் கட்டியை ஊசி புற்றாக மாற்றாது. மெல்லிய ஊசியால் புற்று பரவுவதும் மிக மிக அரிது. ஏற்கெனவே உள்ளே இருந்த நோய் பரிசோதனைக்குப் பிறகு தெரியவருவதால், ஊசியால்தான் வந்தது என்று மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வாய், தொண்டையைப் பார்க்காமல், ஊசியும் போடாமல், எடுத்த எடுப்பில் கட்டியை வெட்டி எடுப்பதுதான் தவறு. வேறிடத்துப் புற்று கழுத்துக்கு வந்திருந்தால் அந்த வெட்டு அடுத்த சிகிச்சையைச் சிக்கலாக்கும்.

ஊசியில் விடை தெளிவாகாவிட்டாலோ, நிணநீர்ப் புற்று என்ற ஐயம் வந்தாலோ, ஒரு கணுவை முழுதாக எடுத்துத் திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்போது நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காசநோய்ப் பரிசோதனைக்கும் ஒரு பகுதி அனுப்புகிறீர்களா? திசுவை முழுவதும் ஃபார்மலினில் போட்டால் கிருமி இறந்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை உப்பு நீரில் தனியாக அனுப்பினால்தான் சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுப் பரிசோதனையும் கிருமி வளர்ப்பும் சரியாக நடக்கும். மருந்துக்கு அடங்காத காசநோயா என்பதும் அதில் தெரியும்.

வேலூரிலிருந்து எங்கே போவது?

முதல் படி பரமத்தி வேலூர் அரசு மருத்துவமனையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். அங்கிருந்து 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஆற்றைக் கடந்தால் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி, வடக்கே சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுவது நல்ல தொடக்கம், ஏனென்றால் தொண்டையின் உள்பகுதியைக் கருவியால் பார்க்க வசதி அங்கேதான். புற்று உறுதியானால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெருஞ்செலவைத் தாங்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் வரை வழி திறந்திருக்கிறது.

போகும்போது சில விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டியை முதலில் பார்த்த தேதி, அதற்குப் பிறகு வளர்ந்ததா வற்றியதா, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், காய்ச்சலும் எடைக் குறைவும் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, வெற்றிலை பாக்கு, புகையிலை எத்தனை வருடம். சித்த மருத்துவம் பார்ப்பவர்களும் முதலில் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு வைத்தியரிடம் காட்டலாம். அதில் எந்த மருத்துவ முறைக்கும் இழுக்கு இல்லை.

இந்தப் பொறுப்பு நோயாளியுடையது மட்டும் அல்ல. மருந்துக் கடைக்காரர் இரண்டாவது முறையாக மாத்திரை கேட்டு வருபவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பலாம். பல் மருத்துவர் ஒவ்வொரு வாயையும் பார்க்கும்போது கழுத்தையும் ஒரு முறை தடவிப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வரும் பணியாளர், வெற்றிலை பாக்கு போடும் பெரியவரிடம் வாயைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கொடிக்காலில் காலை முதல் மாலை வரை வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி போவது பெரிய இழப்புதான். ஆனால் ஊசிப் பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று இரண்டு நாள் ஒதுக்கினால், அநேகமாக ஒன்றுமில்லை என்ற நிம்மதி கிடைக்கும். ஏதாவது இருந்தாலும் ஆறு மாத மருந்திலோ ஓர் அறுவையிலோ தீரும் கட்டத்திலேயே அது பிடிபடும். கழுத்தில் கட்டி வந்து இரண்டு வாரம் கடந்திருந்தால், அடுத்த வாரம் வரை பொறுக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.